பெயர் சொல்லாத சாட்சி

வாலாஜாபேட்டை
24-2-2025

தேவேந்திரனுக்கு,

லியாகத் அலி எழுதுகிறேன். காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டையில் சரிகைக் கடை வைத்திருந்த அதே லியாகத் அலி. இன்னும் சாகவில்லை. மகன் சுபியான் வீட்டில் இருக்கிறேன். நீ வீடு மாறியிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் சின்ன காஞ்சிபுரத்துப் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன். முதலில் நலமா என்று கேட்டிருக்க வேண்டும். மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேத்தி நிக்கத் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு குரல் வந்தது. சோற்றை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "இத யாருமா உனக்கு அனுப்பினது?" என்றேன். "காலேஜ் ஃப்ரெண்டு தாதா. அவங்க சர்ச்சு ஆளு பேசுறாராம். இவர உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். நீ சொன்னது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தொழில்ல ஒரு சகோதரருக்கு ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். அது உறுத்திக்கினே இருந்தது. ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டாரு. அவரே அத மறந்துட்டாரு, நானும் மறந்துட்டேன். இப்ப நிம்மதியா இருக்கேன்." கூட்டம் கை தட்டியது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பேச்சு, நன்றாகப் பழகியிருக்கிறாய்.

அந்தச் சகோதரர் யார் தேவேந்திரா? பேர் சொல்ல ஏன் வாய் வரவில்லை? நெசவாளர் சங்கத்துக் கூடத்தில் அன்றைக்கு நின்றபோது என் பேரை என் தகப்பன் பேரோடு சேர்த்து முழுசாகச் சொன்னாயே.

உன்னை மன்னித்துவிட்ட செய்தி எனக்கு யாரும் சொல்லவில்லை. அடிபட்டவன் நான். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமலே வழக்கு முடிந்து, தீர்ப்பும் ஆகி, கை தட்டலும் ஆகிவிட்டது. நீ மறந்துவிட்டாயாம். நான் மறக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

லியாகத் அலி

சின்ன காஞ்சிபுரம்
3-3-2025

மதிப்புக்குரிய லியாகத் பாய் அவர்களுக்கு,

தேவேந்திரன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தறிக் குழிக்குள் காலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நெய்ய ஓடவில்லை. வீட்டுக்காரி கலைவாணி என்ன லெட்டர் என்று கேட்டாள். பழைய பழக்கக்காரர் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. எனக்கு இப்படிப் பேசுவது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்து எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நடந்ததை ஒரு தடவையாவது உங்களிடம் நேராகச் சொல்கிறேன். மாணிக்கவேல் முதலாளி நெய்யக் கொடுத்த முகூர்த்தப் புடவை அது. சரிகை உங்கள் கடையிலிருந்து வந்தது, அளந்து கொடுத்தது. முந்தியில் அன்னம் மூன்று வரிசைதான் போடச் சொன்னார்கள். நான் நாலாவது வரிசை ஒன்று சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை. என் கை அழகைக் காட்ட வேண்டும் என்ற திமிர். கடைசி ஒரு சாண் இருக்கும்போது சரிகை தீர்ந்துவிட்டது. முதலாளியிடம் போய்க் கேட்டால் ஏன் தீர்ந்தது என்று தெரிந்துவிடும். வீட்டில் வெள்ளி இல்லாத மட்டமான செப்புச் சரிகை கொஞ்சம் கிடந்தது. எனக்கு எதிரில் உட்கார்ந்து, கரையை உடலோடு சேர்க்கிற கோர்வைக்குக் கை கொடுக்கிற கலைவாணி அப்போது கூரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பார்க்க ஆள் இல்லை. அந்த ஒரு சாணை அதைப் போட்டே நெய்து முடித்துவிட்டேன்.

மூன்றே மாதத்தில் அந்த இடம் மட்டும் கறுத்துப்போய்ப் புடவை திரும்பி வந்தது. சங்கத்தில் கேட்டார்கள். பாய் கொடுத்த சரிகையிலேயே கலப்பு இருந்திருக்கும் என்றேன். நீங்கள் மீதிச் சரிகையைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் சுரண்டிக் காட்டினீர்கள். அசல் சரிகைக்கு அடையாளமான சிவப்புப் பட்டு உள்ளே தெரிந்தது. காட்டுவதற்கு நல்லதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். அப்போது முதலாளி, "தேவேந்திரன் கிறிஸ்துவ வேதத்துல சேர்ந்தவன்பா, அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைப் பணிவு என்று நினைத்தார்கள்.

பாய், என்னை மன்னியுங்கள். எங்கள் விசுவாசத்தில் கடவுள் நீதியுள்ளவர், பாவத்தைச் சும்மா விடமாட்டார். இரக்கமும் உள்ளவர். இந்த இரண்டும் சிலுவையில் சந்தித்தன, எனக்கு வர வேண்டிய தண்டனையை இயேசு ஏற்றுக்கொண்டார் என்று நம்புகிறோம். அதனால்தான் மன்னிக்கப்பட்டேன் என்று சொன்னேன். உங்கள் பேரைச் சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம் என்று போதகர் சொன்னார். முடிந்துபோனதைக் கிளற வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

தேவேந்திரன்

வாலாஜாபேட்டை
9-3-2025

தேவேந்திரனுக்கு,

நோன்பு வைத்திருக்கிறேன். நோன்பில் கோபப்படக் கூடாது. அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

ஒரு வரிசை அன்னம்! நான் பதினோரு வருஷமாக என்னென்னவோ நினைத்தேன். யாரோ உனக்கு ஆசை காட்டியிருப்பார்கள், எனக்குப் போட்டியாகக் கடை வைத்தவன் உன்னைத் தூண்டியிருப்பான் என்றெல்லாம். கடைசியில் பார்த்தால் நாலு அன்னத்துக்காக என் மானம், என் இஜ்ஜத் போயிருக்கிறது. சிரிப்பு வந்தது. நிக்கத் ஓடிவந்து என்ன தாதா என்று கேட்டாள்.

என் சங்கடத்தைப் பற்றி உன் போதகர் கவலைப்பட்டாராம். அவருக்கு என் நன்றியைச் சொல். சங்கம் ஒதுக்கிவைத்துக் கடையை மூடியபோது, சாமான் வண்டியில் ஏற்றியபோது, தெருக்கார நெசவாளர் ஒருத்தர் கூட எட்டிப் பார்க்காதபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

என் பீவி ஜுபைதாவை உனக்குத் தெரியும். நீ கடைக்கு வந்தால் சாயா கொடுத்தனுப்புவாள். வாலாஜாவுக்கு வந்த பிறகு ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நெஜமாவே நீங்க கலக்கலையாங்க?" அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் என்னோடு வாழ்ந்தவள். ஊரே சொன்னால் வீட்டிலிருக்கிறவளுக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். அந்தச் சந்தேகத்தோடேயே அவள் மவுத்தாகிவிட்டாள். அதற்கு ஒன்பது வருஷம் ஆகிறது. தேவேந்திரா, இதுவும் உன் சின்னத் தப்பில் சேர்த்தியா?

உன் ஆண்டவர் உன்னை மன்னிப்பதில் எனக்குத் தகராறு இல்லை. அல்லாவும் ரஹ்மான்தான், இரக்கமுள்ளவன்தான், அவனுடைய ரஹ்மத்துக்கு நான் யார் எல்லை போட? ஆனால் சின்ன வயதில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஸ்ரத் ஒன்று சொல்வார். அல்லாவுக்கும் உனக்கும் நடுவில் உள்ள தப்பை அவன் மன்னிப்பான், மனுஷனுக்கு மனுஷன் செய்ததை அந்த மனுஷனிடம் போய்த்தான் முடித்துக்கொண்டு வரவேண்டும் என்பார். உங்கள் ஆட்களிடம் அப்படி எதுவும் கிடையாதா? நியாயத்தீர்ப்பு நாளில் உன்னை மட்டும்தான் கூப்பிடுவார்களா, என்னைக் கூப்பிட மாட்டார்களா? நான் வந்து நின்று, "யா ரப், இவனிடம் என் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது" என்று சொன்னால், அது எப்போதோ முடிந்துவிட்டது, நீ போ என்றா சொல்வார்? அப்படிச் சொன்னால் அது இரக்கமா? உனக்கு இரக்கம், சரி. எனக்கு அது என்ன?

நீ எனக்கு எதுவும் தர வேண்டாம். நேரில் வந்து காலைப் பிடிக்கவும் வேண்டாம். பொய் சொன்ன அதே கூடத்தில், அதே மாணிக்கவேல் முன்னால், அதே வாயால் சொல். என் பேரைச் சொல். தகப்பன் பேரோடு.

லியாகத் அலி

சின்ன காஞ்சிபுரம்
20-3-2025

லியாகத் பாய் அவர்களுக்கு,

ஜுபைதா அம்மா காலமானது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை. பதினோரு வருஷத்தில் வாலாஜா வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்த ஊர் வந்தால் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருப்பேன்.

எங்களிடமும் இருக்கிறது பாய். காணிக்கை கொண்டுபோகும்போது யாருக்காவது உன் மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு சமாதானமாகிவிட்டு வா என்றுதான் எங்கள் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். நானே இதைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் நடத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டோடு சண்டை போட்டால் போய்ப் பேச வேண்டும் என்று உதாரணம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது பொருந்தும் என்று தோன்றாத மாதிரி நடத்திவிட்டேன்.

போன ஞாயிறு திருவிருந்து. திராட்சரசப் பாத்திரம் என் வரிசைக்கு வந்தது. வாங்காமல் பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். வயிறு சரியில்லை என்று சொன்னேன். இங்கேயும் பொய்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். ஈஸ்டர் அன்று என்னைச் சபையில் போதகருக்கு அடுத்த உபதேசியாராக நியமிக்க இருக்கிறார்கள். பதினாறு வருஷம் காத்திருந்தது. சங்கத்தில் எழுந்து சொன்னால் அது நடக்காது. எனக்காக மட்டும் கேட்கவில்லை. எங்கள் சபை சின்னது. பார்த்தீர்களா வேதக்காரனின் லட்சணத்தை என்று தெருவில் சிரிப்பார்கள், ஆண்டவரின் பேர் கெடும். அதனால் கேட்கிறேன், ஈஸ்டர் முடியட்டும். அல்லது உண்மை முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். இது போதாதா பாய்?

தேவேந்திரன்

வாலாஜாபேட்டை
24-3-2025

உன் ஆண்டவரின் பேர் கெட்டுவிடும் என்று என் பேரைக் கெடுத்தே வைத்திருக்கிறாய். அவருக்கு இது தெரியுமா என்று கேட்டுப்பார். இனி எழுத வேண்டாம்.

லி.

சின்ன காஞ்சிபுரம்
19-4-2025

லியாகத் பாய் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதைக் கிழித்துப் போட்டாலும் சரி, கூட இருக்கும் தாளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தின் நகல்.

இந்தத் திங்கட்கிழமை, வருஷப் பிறப்பு அன்று, சங்கத்தில் ஆண்டுக்கூட்டம். வரதராஜப் பெருமாள் கோயில் மதிலைத் தாண்டும்போது திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நின்றேன். கூடத்தில் அறுபது எழுபது பேர். வேறு விஷயம் இருக்கிறதா என்று செயலாளர் பாலாஜி கேட்டபோது எழுந்தேன்.

சொன்னேன் பாய். அப்துல் ரஹீம் மகன் லியாகத் அலி கொடுத்த சரிகையில் ஒரு குறையும் இல்லை, கலந்தது நான், பொய் சொன்னதும் நான் என்று சொன்னேன். அன்னத்தையும் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி மாணிக்கவேலுக்கு இப்போது காது மந்தம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுதான் கஷ்டம்.

"இத்தினி வருஷம் கழிச்சு இன்னாத்துக்குடா இத சொல்ற? அந்தாளு செத்துட்டாரா?" என்றார்.

"இல்ல முதலாளி. உயிரோடதான் இருக்காரு. அவரு வீட்டம்மாதான் போய்ட்டாங்க."

பிறகு, "உன் பேச்ச நம்பி நான்தான கையெழுத்துப் போட்டேன்? என்னையும் பாவியாக்கிட்டியேடா" என்றார். பழைய தீர்மானத்தை எடுத்து வரச் சொன்னேன். லியாகத் அலி கடையில் யாரும் சரிகை வாங்கக் கூடாது என்று எழுதியிருந்த பக்கம். அதை ரத்து செய்து புதிதாக எழுத வேண்டும் என்றேன். சங்கத்துக்கு அசிங்கம் என்று சிலர் தடுத்தார்கள். முதலாளிதான் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார்.

கலைவாணி பெண்கள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினாள். "நீ நெய்ததுன்னு எத்தினி பேருகிட்ட பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன். அந்த பாயம்மா கையால சாயா குடிச்சவன்தான நீ? உனக்கு எப்படிபா மனசு வந்தது?" வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே இலை போட்டாள், திட்டிக்கொண்டே சோறு போட்டாள், போதும் என்றபோது அழுதுகொண்டே இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். நான் செய்தது ஒன்றுமில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய்விடு என்றும் சொல்லவில்லை.

இரக்கமும் தீர்ப்பும் எப்படிச் சேரும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நானும் செய்திருக்கிறேன். ஒன்று வந்தால் இன்னொன்று ஒதுங்கிக்கொள்ளும் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். இயேசு என் தண்டனையைச் சுமந்தார் என்பதை, நான் வாயே திறக்க வேண்டாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். அந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அது தப்பு என்று புரிந்தது. அவர் என்னோடு நிற்கிறார் என்றால், அந்தக் கூடத்துக்கு நான் போக முடியும் என்றுதான் அர்த்தம். போகாமல் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. இதைப் பெரிய ஞானம் போல எழுதவில்லை பாய். ஐம்பத்து நாலு வயதில் புரிந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

போதகரிடமும் போய்ச் சொன்னேன். நியமனம் நின்றுவிட்டது. ஆறு மாதம் திருவிருந்திலும் சேர முடியாது. நாளைக்கு ஈஸ்டர், பின்வரிசையில் உட்காருவேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதுங்கள் என்று கேட்க மாட்டேன். முதல் கடிதத்தில் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன், அதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

தேவேந்திரன்

வாலாஜாபேட்டை
28-4-2025

தேவேந்திரா,

தாள் வந்தது. சுபியான் சத்தமாகப் படித்தான், அப்புறம் நிக்கத் படித்தாள், அப்புறம் நானே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். என் வாப்பா பேரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், பரவாயில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இந்த ஊரில் யாருக்கு என் கதை தெரியும்? காட்டாமலே திரும்பினேன். சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்று தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. இதை சுபியானிடம் கூடச் சொன்னதில்லை. உன்னிடம் எழுதுகிறேன் பார், என் நேரம்!

ஜுபைதா கேட்டாள் என்று எழுதினேன். நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுதவில்லை. நான் பதிலே சொல்லவில்லை. என்னைப் பார்த்து நீயே கேட்கிறாயா என்று ஆத்திரம். எழுந்து வெளியே போய்விட்டேன். அன்றையிலிருந்து அவளோடு பேசவில்லை. நாலு மாதம். அவள் சாயாவை வைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நிற்பாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் வலிப்பு வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணே திறக்கவில்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள் தேவேந்திரா. நம்பத்தான் கேட்டாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். சந்தேகத்தை உண்டாக்கியது நீ. அதோடேயே அவளை நாலு மாதம் நிற்க வைத்தது நான். ஒன்பது வருஷமாக இரண்டையும் உன் தலையிலேயே வைத்துவிட்டு, நான் அடிபட்டவன் என்று உட்கார்ந்திருந்தேன். கயாமத்தில், நியாயத்தீர்ப்பு நாளில், உன்னைக் கூண்டில் நிறுத்துவேன் என்று எழுதினேனே, அவள் வந்து என்னை நிறுத்தினால் நான் என்ன சொல்வேன்? உன் கடிதத்தில் உன் வீட்டுக்காரி திட்டிக்கொண்டே சோறு போட்ட இடத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். எனக்கு ஜுபைதா அந்தக் கேள்வியோடேயே சாயா கொடுத்தாள், நான் வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு எழுதலாம் என்று பார்த்தால் நாள் போய்க்கொண்டே இருக்கிறது. எழுபத்தொரு வயது.

நீ ஒரு வியாழக்கிழமை பார்த்துப் புறப்பட்டு வா. பஸ் ஸ்டாண்டுக்கு சுபியான் வருவான். ஜுபைதாவை அடக்கம் செய்த கபர்ஸ்தான் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சங்கத்தில் சொன்னதை அவளிடமும் ஒரு தடவை சொல், பாய் கலக்கவில்லை அம்மா, நான்தான் என்று. அவளுக்குக் கேட்குமா கேட்காதா என்பது அல்லாவுக்குத் தெரியும். எனக்கும் அவளிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷமாக ஒவ்வொரு வியாழனும் போய் ஃபாத்திஹா ஓதிவிட்டுச் சொல்லாமலேயே திரும்பி வருகிறேன்.

நீ முதலில் பேசு. நான் உனக்குப் பின்னால் நிற்கிறேன்.

லியாகத் அலி